ஜெனித் சிஎச் 701: கட்ட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிஎச் 701, கிட்டாக (பாகங்களின் தொகுப்பாக) வாங்கி வீட்டு ஷெட்டிலேயே கட்டிவிடக்கூடிய இரண்டு இருக்கை விமானம். கனடாவில் ஜெனெர் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியாளர் கிறிஸ் ஹைன்ட்ஸ் 1986-இல் இதை அறிமுகப்படுத்தினார். பின்னாளில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மெக்சிகோ என்ற சிற்றூரிலுள்ள ஜெனித் நிறுவனம் வழியாகக் கிட்டுகள் உலகமெங்கும் போயின. 80 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினோடு நிறுவனம் தரும் கணக்கு: இறக்கை நீளம் 27 அடி (8.2 மீட்டர்), இறக்கைப் பரப்பு 122 சதுர அடி (11.3 ச.மீ.), வெற்று எடை 580 பவுண்டு (263 கிலோ), அதிகபட்ச எடை 1100 பவுண்டு (499 கிலோ). கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த எண்களை வைத்துத்தான்.

1. அல்ட்ராலைட் என்றால் குழாய்க்கு மேல் துணி போர்த்தியதுதானே? இது முழுக்கத் தகடாக இருக்கிறது, இதுவும் அல்ட்ராலைட்டா?

துணியா தகடா என்று சட்டம் பார்ப்பதில்லை. எடையையும், இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும் வேகமான ஸ்டால் வேகத்தையும்தான் பார்க்கிறது. அதுவும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் அல்ட்ராலைட் என்றால் ஒரே இருக்கை, 254 பவுண்டுக்குக் குறைந்த வெற்று எடை. அதனால் இரண்டு இருக்கை விமானம் எதுவும் அங்கே அந்தப் பெயரில் வராது. 701-ஐ அங்கே சொந்தமாகக் கட்டிய சோதனை விமானமாகப் பதிவு செய்கிறார்கள். கனடாவில் அல்ட்ராலைட் வகைக்குள் அடங்கிவிடும்.

ஐரோப்பாவில் இரண்டு இருக்கைக்கான பழைய வரம்பு 450 கிலோ. இப்போது சில நாடுகள் 600 கிலோ வரை அனுமதிக்கின்றன. இந்தியாவிலும் மைக்ரோலைட் வகைக்கு 450 கிலோதான். 499-க்கு வடிவமைத்ததை 450-இல் பறக்கவிட்டால் என்ன ஆகும் என்பதை 12-ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. ஏன் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது? கொஞ்சம் வழவழப்பாகச் செய்திருக்கக் கூடாதா?

அழகு இல்லை என்பது உண்மை. ஆனால் அதன் ஒவ்வொரு கோணலும் ஒரே தேவையிலிருந்து வந்தது: சின்ன இறக்கையோடு மிக மெதுவாகப் பறக்க வேண்டும். மெதுவாகப் பறக்கப் பொதுவாகப் பெரிய இறக்கை போடுவார்கள். பெரிய இறக்கை எடை கூடும், நிறுத்தி வைக்க இடம் கேட்கும், காற்றடித்தால் பட்டம் போல ஆடும். ஹைன்ட்ஸ் பரப்பைக் கூட்டாமல், இருக்கிற பரப்பிலிருந்து அதிகத் தூக்குவிசை எடுக்கும் வழியில் போனார்.

அதற்கு இறக்கை மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிய நிலையிலும் வேலை செய்ய வேண்டும். அப்போது வால் தரையில் இடிக்கும். அதனால் பின்னுடலின் அடிப்பகுதி மேல்நோக்கிச் சரிந்து போகிறது. மூக்கைத் தூக்கிப் பிடிக்க வால் பலமாகக் கீழே அழுத்த வேண்டும். அதனால் 4-ஆம் கேள்வியில் வரும் அந்தத் தலைகீழ் வால். மெதுவான வேகத்தில் ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால்பகுதி) மந்தமாகிவிடும். அதனால் செங்குத்து வாலில் பாதி நிலையாகவும் பாதி அசைவதாகவும் இல்லாமல், முழு வாலுமே திரும்புகிறது. இறக்கை தடிமனானது, அகலத்தில் 18 சதவீதம்; அடி முதல் நுனி வரை ஒரே அகலம். ரிப்புகளை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை) எல்லாம் ஒரே அச்சில் அடிக்கலாம் என்பதால் கட்டுபவருக்கு அது பெரிய சௌகரியம்.

3. இறக்கைக்கு முன்னால் தனியாக ஒரு பட்டை ஓடுகிறதே, அது எதற்கு?

கட்டுபவர்கள் அதை ஸ்லாட் என்பார்கள். இங்கே முன்பட்டை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் 15 டிகிரியைத் தாண்டினால், மேல்பரப்பில் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். அதுதான் ஸ்டால். முன்பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள இடுக்கு வழியாகக் கீழேயுள்ள காற்று வேகமாக மேலே பாய்ந்து, சோர்ந்த காற்றுக்கு உயிர் கொடுக்கிறது. கோணம் 30 டிகிரிக்கு அருகே போகும்வரை ஒட்டல் விடாது.

பெரிய விமானங்களில் இது உள்ளே வெளியே போய்வரும். 701-இல் நிரந்தரமாக நிற்கிறது: நகரும் பாகம் இல்லை, ஒரு பக்கம் மட்டும் திறந்துகொள்ளும் ஆபத்தும் இல்லை. விலை, எப்போதும் இழுக்கும் காற்றுத் தடை. கட்டும்போது கவனிக்க வேண்டியது அந்த இடுக்கின் அளவு. பிடிமானங்களை வரைபடத்தில் சொன்ன இடத்தில் வைக்காமல் கண்ணளவில் ஒரு பக்கம் கூட்டியோ குறைத்தோ வைத்துவிட்டால், இரண்டு இறக்கையும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகாது, ஒன்று முந்திக்கொள்ளும்.

பின்விளிம்பிலும் இதே இடுக்குத் தத்துவம்தான். நீளம் முழுக்க ஓடும் ஃபிளாப்பரான், இறக்கைக்குச் சற்றுக் கீழே தள்ளித் தொங்குகிறது. மெதுவாகப் பறக்க உதவும் ஃபிளாப், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் இரண்டின் வேலையையும் அதுவே செய்கிறது. கீழே இருப்பதால், மூக்கு தூக்கிய நிலையிலும் அதற்குக் கலங்காத காற்று கிடைக்கிறது.

4. கிடைமட்ட வாலின் வளைவு தலைகீழாக இருக்கிறது. பெட்டியில் தப்பாகப் போட்டு அனுப்பிவிட்டார்களா?

இல்லை, சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். இறக்கையில் மேலே இருக்கும் உப்பல் வாலில் கீழே இருக்கும். இறக்கை மேலே தூக்க, வால் கீழே அழுத்துகிறது. ஃபிளாப்பைக் கீழே இறக்கினாலே மூக்கு கவிழப் பார்க்கும். அதையும் மீறி மூக்கைத் தூக்கிப் பிடிக்கத் தட்டையான வால் போதாது. நிமிர்த்திப் போட்டுவிட்டு அழகாக இருக்கிறது என்று நினைத்தால், தரையிறங்கும்போது கட்டுப்பாட்டுக் குச்சியை முழுக்க இழுத்தும் மூக்கு எழும்பாது.

5. 30 மைல் வேகத்தில்தான் ஸ்டால் என்று விளம்பரம். அது நிஜமா?

நிஜம்தான்; ஆனால் எந்த எடையில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த இறக்கைக்கு ஃபிளாப்போடு அதிகபட்சத் தூக்குவிசைக் கெழு (இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்கும் என்று காட்டும் எண்) 3.1 என்று சொல்லப்படுகிறது. முழு எடை 499 கிலோவை 11.3 சதுர மீட்டருக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 44 கிலோ. கடல்மட்டக் காற்றில் கணக்குப் போட்டால் ஸ்டால் மணிக்கு 54 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட 34 மைல். ஒருவர் மட்டும் உட்கார்ந்து, டாங்கி நிறைய பெட்ரோலோடு 398 கிலோ என்று வைத்தால் 48 கி.மீ. வருகிறது. விளம்பரத்தின் 30 மைல் அதுதான்.

முன்பட்டை இல்லாத சாதாரண இறக்கைக்குக் கெழு 1.6 என்று வைத்துக்கொண்டால் முழு எடையில் 76 கி.மீ. ஆகும். இந்த 22 கி.மீ. வித்தியாசத்துக்காகத்தான் 2-ஆம் பதிலில் சொன்ன அத்தனை கோணல்களும். வெயிலையும் மறக்க வேண்டாம்: 35 டிகிரி வெப்பத்தில் கடல்மட்டத்திலேயே காற்று ஆறரை சதவீதம் இளைத்துவிடும். வேகமானி ஸ்டாலை அதே எண்ணில்தான் காட்டும். ஆனால் தரையில் உருளும் வேகமும் தூரமும் கூடும், எஞ்சினும் சோர்ந்திருக்கும்.

6. 80-க்குப் பதில் 100 குதிரைத்திறன் போட்டால் எவ்வளவு வேகம் கூடும்?

ஏமாற்றமாக இருக்கும். தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. சக்தி 25 சதவீதம் கூடினால் வேகம் சுமார் 8 சதவீதம்தான். 80 மைலில் போனது 86 ஆகும். பலன் ஏறுவதில் தெரியும்: மட்டமாகப் பறக்கவே 40 குதிரைத்திறன் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறுவதற்கு மிஞ்சுவது 40-லிருந்து 60 ஆகிறது; ஒன்றரை மடங்கு. சின்ன ஓடுதளத்தில் இருவராகப் பறப்பவருக்கு 100 சரியான தேர்வு. வேகத்துக்காக என்றால் இந்த விமானமே தவறான தேர்வு.

7. முன்பட்டையைக் கழற்றிவிட்டு வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் ஒட்டினால் வேகம் வரும் என்கிறார்கள். செய்யலாமா?

பலர் செய்திருக்கிறார்கள். இதே உருவத்தில் வரும் இத்தாலியின் ஐசிபி சவானாவில் நிறுவனமே அப்படி ஒரு வகையை விற்றது. முன்விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும் குட்டித் தகடுகள் காற்றைச் சுழற்றி மேல்பரப்போடு ஒட்ட வைக்கும். தடை குறையும், எடை குறையும், கொஞ்சம் வேகமும் மிஞ்சும்.

ஆனால் முன்பட்டை தாங்கிய அந்தச் செங்குத்துக் கோணத்தை இது தராது; ஸ்டால் வேகமும் கொஞ்சம் ஏறும். வாலோ பழையபடி பலமாகவே இருக்கும், அதாவது மூக்கை இறக்கை தாங்காத கோணத்துக்கு இப்போது எளிதாக இழுத்துவிடலாம். கழற்றியவர் புது விமானத்தைச் சோதிப்பது போல, போதிய உயரத்தில் ஃபிளாப்போடும் இல்லாமலும் ஸ்டால் வேகங்களைப் புதிதாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு விதிகளின்படி இது பெரிய மாற்றமாகக் கருதப்படலாம். முதல் நூறு மணி நேரமாவது பட்டையோடு பறந்துவிட்டு யோசிப்பது மேல்.

8. விமானத்துக்கு 2024 அலுமினியம்தானே போடுவார்கள்? இதில் ஏன் 6061?

2024-டி3 வலுவானது, வளைந்துகொடுக்கும் எல்லை சுமார் 345 மெகாபாஸ்கல். 6061-டி6-க்கு 276. ஆனால் 2024-ஐத் தூய அலுமினிய மேல்பூச்சு இல்லாமல் விட்டால் அரிக்கும், விலையும் கூட. 6061 உப்புக்காற்றையும் ஓரளவு தாங்கும். இந்த விமானத்தில் பல இடங்களில் தகடு 0.016 அங்குலம், சுமார் 0.4 மி.மீ. தான். அவ்வளவு மெல்லிய தகடு இழுத்து அறுவதற்கு முன்பே சுருங்கி மடிந்துதான் தோற்கும். மடிவதைத் தீர்மானிப்பது தகட்டின் விறைப்பு; அது இரண்டு உலோகத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே.

மடிக்கும்போது உள்வளைவு தகட்டுத் தடிமனைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். கூர்மையாக மடித்தால் வெளிப்பக்கம் முடிபோல் விரிசல் விழும். பென்சிலால் கோடு போடாதீர்கள், கரி பட்ட இடம் அரிக்கும். ஊசியால் கீறினால் அந்தக் கீறலே பின்னாளில் விரிசல். மெல்லிய மார்க்கர் பேனா போதும்.

9. பீரோவுக்கு அடிக்கிற பாப் ரிவெட்டை நம்பியா ஆகாயத்தில் போவது?

உருவம் அதே, சரக்கு வேறு. கிட்டில் வருவது வலிமை அளந்து சான்று பெற்ற ரிவெட். வரைபடத்தில் ஏ4 என்றால் 1/8 அங்குலம், ஏ5 என்றால் 5/32 அங்குலம். ஹார்டுவேர் கடை ரிவெட் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். எவ்வளவு தாங்கும் என்பதற்கு எழுத்து எதுவும் இருக்காது. ஐந்து ரிவெட் குறைந்தாலும் வேலையை நிறுத்தி வரவழையுங்கள்.

ஜெனித் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. ரிவெட்டின் தலை தட்டையாக வரும். இழுக்கும் கருவியின் முனையில் குழி கடைந்திருப்பார்கள். இழுக்கும்போது தலை அந்தக் குழியில் குமிழாக உருண்டு, உள்ளே அறுந்த ஆணித்துண்டையும் கவ்விக்கொள்ளும். குழியில்லாத சாதாரண முனையால் அடித்தால் தலை உருளாது, ஆணித்துண்டும் ஒருநாள் உதிரும். முனை தேய்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கே காரணத்தால். இரண்டு தகட்டுக்கு நடுவே துருவல் மாட்டி இடைவெளி விழுவது, டிரில் ஆடி ஓட்டை நீள்வட்டமாவது, தடிமனுக்குப் பொருந்தாத நீள ரிவெட், கருவியைச் சாய்த்துப் பிடிப்பது. தலைக்கடியில் 0.1 மி.மீ. அளவுத் தகடு நுழைந்தால் அந்த ரிவெட்டைக் கழற்றுங்கள்.

10. எங்கே தொடங்குவது? என்னென்ன கருவி வேண்டும்?

ரடரில் தொடங்குங்கள். முதுகுத் தகடு (ஸ்பார்), ரிப், மேல்தகடு என்று இறக்கையில் வரும் எல்லா வேலையும் சிறிய அளவில் அதில் இருக்கிறது. கெட்டாலும் இழப்பு சிறிது. மிசூரியில் நிறுவனமே இரண்டு நாள் ரடர் பயிலரங்கு நடத்துவது இதனால்தான்.

வரிசை இப்படி: தகட்டைக் குறித்து, 40-ஆம் எண் பிட்டால் சிறு ஓட்டை போட்டு, வெள்ளி நிறக் கிளிகோவால் (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஊக்கு) பிடித்து நிறுத்துங்கள். பிறகு ஏ4-க்கு 30-ஆம் எண் பிட், செம்பு நிறக் கிளிகோ. ஏ5-க்கு 20-ஆம் எண் பிட், கறுப்புக் கிளிகோ. எல்லாம் போட்டபின் மொத்தத்தையும் பிரித்து, ஓட்டைகளின் இருபக்கப் பிசிறையும் எடுத்து, துருவலைத் துடைத்து, தகடுகள் ஒட்டும் இடங்களில் ஜிங்க் குரோமேட் பூசி, திரும்ப மாட்டி ரிவெட் அடிக்க வேண்டும். பிரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே அடிப்பதுதான் 9-ஆம் பதிலின் முதல் காரணம். குரோமேட் விஷம், முகமூடியும் கையுறையும் இல்லாமல் தெளிக்காதீர்கள். மற்றபடி காற்றுக் கம்ப்ரெசர், காற்றால் இழுக்கும் ரிவெட் கருவி, நல்ல தகடு வெட்டும் கத்தரி, 4 அடிக்கு 12 அடி மட்டமான மேசை. மேசை முறுக்கினால் இறக்கையும் முறுக்கும்.

11. ஓட்டை தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. பாகத்தையே தூக்கிப் போடணுமா?

விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று முதலில் அளக்கவும். ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப் போல இரு மடங்கு வேண்டும்: ஏ4-க்கு 6.4 மி.மீ., ஏ5-க்கு 8 மி.மீ. ஓட்டை பெரிதாகி, இடம் சரியாக இருந்தால் ஏ4 இடத்தில் ஏ5 போடலாம், புது விளிம்புத் தூரம் கிடைக்கும்பட்சத்தில். கிடைக்காவிட்டால் ஒட்டு போட வேண்டும். ஸ்பார், இறக்கையைத் தாங்கும் முட்டுக்கம்பியின் பிடிமானம் போன்ற இடங்களில் ஒட்டு வேலையே வேண்டாம். வடிவமைத்தவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

12. இரண்டு பேர், டாங்கி நிறைய பெட்ரோல், பை. எல்லாம் ஏறுமா?

499 கிலோ அனுமதி இருக்கிற நாட்டில் ஏறும். 499-இல் 263 போக 236 மிச்சம். ஆளுக்கு 80 என்று 160. இரண்டு டாங்கியும் சேர்ந்து 20 அமெரிக்க கேலன், 76 லிட்டர், 55 கிலோ. பைக்கு 21 மிஞ்சும். சாமான் இடத்தின் வரம்பு 18 கிலோ.

450 கிலோ வரம்பில் கதை மாறுகிறது. 187-இல் 160 போனால் 27 கிலோ, அதாவது 37 லிட்டர். மணிக்கு 15 லிட்டர் குடித்தால் இரண்டரை மணி நேரம். அரை மணி கையிருப்பு கழித்தால் இரண்டு மணி. அதுவும் வெற்று எடை 263-இலேயே நின்றால். நிற்காது. முழுக்கப் பெயின்ட் அடித்தால் எளிதாக 7, 8 கிலோ. இரட்டைத் திரை, மெத்தை இருக்கை, பெரிய டயர் என்று போனால் 290-ஐத் தொடும். அப்போது இருவர் ஏறியபின் பெட்ரோலுக்கு இடமே இல்லை.

13. எடை மையத்தை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

விமானத்தை வரைபடம் சொல்லும் மட்டத்தில் நிறுத்தி, மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு வையுங்கள். இறக்கை முன்விளிம்பிலிருந்து தூக்குநூல் விட்டு, சக்கர அச்சுகளின் தூரத்தை அளவெடுங்கள். விளக்கத்துக்கு ஒரு கணக்கு: மூக்குச் சக்கரம் 60 கிலோ, முன்விளிம்புக்கு முன்னால் 780 மி.மீ.; பின்சக்கரங்கள் சேர்ந்து 203 கிலோ, பின்னால் 620 மி.மீ. 203 × 620 = 1,25,860. அதில் 60 × 780 = 46,800 கழித்தால் 79,060. அதை 263-ஆல் வகுத்தால் முன்விளிம்புக்குப் பின்னால் 301 மி.மீ.

இதே முறையில் ஆள், பெட்ரோல், சாமான் சேர்த்து நான்கு நிலைகளுக்காவது போடுங்கள்: ஒல்லியான ஒருவர், கனமான இருவர், டாங்கி காலி, டாங்கி நிறைவு. எல்லாமே வரைபடம் தரும் இரண்டு எல்லைக்குள் விழ வேண்டும். மையம் பின்னெல்லையைத் தாண்டினால் பேட்டரியை முன்னால் நகர்த்துவதுதான் மலிவான வழி.

14. 6ஜி (எடையைப் போல ஆறு மடங்கு சுமை) தாங்கும் என்று போட்டிருக்கிறது. அப்போது லூப் அடிக்கலாமே?

கூடாது. +6, –3 என்பது உடையும் எல்லை. அதை 1.5-ஆல் வகுத்தால் வருவதுதான் பயன்படுத்தும் எல்லை: +4, –2. அதற்கு மேல் போனால் உடையாவிட்டாலும் நிரந்தரமாக வளையலாம். அதுவும் 499 கிலோவுக்கு மட்டுமே பொருந்தும். மணிக்கு 110 மைலை எந்த நிலையிலும் தாண்டக் கூடாது. இவ்வளவு இழுவையுள்ள விமானம் அதைத் தாண்டாது என்று நினைப்பவர்கள் மூக்கைக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

15. பங்க்கில் விற்கும் பெட்ரோல் போடலாமா?

80 குதிரைத்திறன் 912-க்கு 90 ஆக்டேன், 100-க்கு 95. ஈயம் கலந்த விமானப் பெட்ரோலைத் தொடர்ந்து ஊற்றினால் எண்ணெயை 25 மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். எத்தனால் 10 சதவீதம் வரை ரோட்டாக்ஸ் ஒப்புக்கொள்கிறது. இந்தியப் பங்க்குகளில் வரும் 20 சதவீதக் கலவை அந்த வரம்புக்கு வெளியே.

16. மூக்குச் சக்கரம் பலவீனம் என்கிறார்களே?

பின்சக்கரக் கால் ஒரே அலுமினியப் பட்டையை வளைத்தது, கரடுமுரடைத் தாங்கும். மூக்குச் சக்கரம் ரப்பர் கயிற்றை நம்பி நிற்கிறது. எண்ணெயும் வெயிலும் பட்டால் அந்தக் கயிறு ஆண்டுக்கணக்கில் சோர்ந்துவிடும். மூக்கு முன்பைவிடத் தாழ்ந்து நின்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சரியான பழக்கம், இறங்கும்போதும் உருளும்போதும் குச்சியை முழுக்கப் பின்னால் வைத்திருப்பது. 4-ஆம் பதிலில் சொன்ன பலமான வால் அதற்கும்தான் உதவுகிறது.

17. இதே வடிவமைப்பாளரின் விமானம் நடுவானில் உடைந்ததாமே?

அது 601 எக்ஸ்எல்: முட்டுக்கம்பி இல்லாத, கீழிறக்கை வைத்த, வேகமான விமானம். நடுவானில் உடைந்த விபத்துகளைக் காட்டி 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைத் தரையிலேயே நிறுத்தச் சொன்னது. பின்னர் வந்த மேம்பாட்டில் இறக்கை ஸ்பாரை வலுப்படுத்தி, எய்லரானுக்கு எதிர்எடையும் சேர்த்தார்கள். 701-இன் இறக்கை முட்டுக்கம்பியில் நிற்பது, வேகமும் குறைவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. ஆனால் படபடப்பு (ஃபிளட்டர், அதாவது வேகத்தில் இறக்கைப் பாகங்கள் தானாக அதிரத் தொடங்குவது) பற்றிய பாடம் பொது. ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் ஃபிளாப்பரானைக் கையால் அசைத்துப் பாருங்கள். கீலிலோ இணைப்பிலோ ஆட்டம் தெரிந்தால் பறக்காதீர்கள். ஃபிளாப்பரானுக்குத் தடியாகப் பெயின்ட் அடிப்பதும் பின்விளிம்பில் எடை ஏற்றுவதுதான்.

18. செங்குத்தாக ஏறும்போது எஞ்சின் நின்றால்?

மூக்கு வானத்தைப் பார்த்து, மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். எஞ்சின் நின்ற நொடியே இழுவை வேகத்தைத் தின்னத் தொடங்கும். கனமில்லாத விமானம், ஓட்டத்தைச் சேமித்து வைக்காது. குச்சியைத் தயங்காமல் முன்னால் தள்ளி, சரிவு வேகம் வந்தபின்தான் இடம் தேட வேண்டும். இறங்குவது செங்குத்தாக இருக்கும், அதனால் வேகத்தைக் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் கடைசியில் குச்சியை இழுக்கும்போது இறக்கம் நிற்கும்.

தரையிலிருந்து 30 மீட்டரில் முழுக்க மூக்குத் தூக்கிய நிலையில் இது நடந்தால் அந்த வேகத்தைச் சேர்க்க உயரமே இருக்காது. ஆகவே தடை எதுவும் முன்னால் இல்லாதபோது, சக்கரம் தரையை விட்டதும் கொஞ்சம் மட்டமாக ஓடவிட்டு, மணிக்கு 90 கி.மீ. வந்தபின் ஏறுங்கள்.